த்ரெட் ஃபீடை நேரா ஃபயர்வாலில் ஏத்தலாமா, கூடாதா?

ரூட்டர்ராசா:
த்ரெட் ஃபீடுன்னா தாக்குறவங்க பயன்படுத்துற முகவரிகளோட தொடர்ந்து புதுப்பிக்கிற பட்டியல். அதுல வர்ற ஐபி, டொமைன் எல்லாத்தையும் மணிக்கொரு தரம் இழுத்து, ஃபயர்வால் தானாவே பிளாக் பண்ற மாதிரி வெச்சிடணும்ங்கறது என் கட்சி. அலெர்ட் வந்து, ஆள் பார்த்து, டிக்கெட் போட்டு, அனுமதி வாங்குறதுக்குள்ள ரான்சம்வேர் வேலையை முடிச்சிடும். பட்டியலும் இருக்கு, ஃபயர்வாலும் இருக்கு. நடுவுல மனுஷன் எதுக்கு?

லாக்மேடு:
எதுக்குன்னா, பல மால்வேர் நெட் இருக்கான்னு பார்க்க முதல்ல 8.8.8.8-ஐ (பெயரை ஐபியா மாத்தித் தர்ற கூகுளோட பொது டிஎன்எஸ்) தட்டிப் பார்க்கும். மால்வேரைத் தனியா ஓடவிட்டுப் பார்க்கிற சாண்ட்பாக்ஸ் அதையும் "தொடர்பு கொண்ட முகவரி"ன்னு எழுதும், மட்டமான ஃபீடு அப்படியே வாங்கிப் போடும். நீங்க பிளாக் பண்ணினா அந்த டிஎன்எஸ்ஸை நம்பின அத்தனையும் படுத்துக்கும். சிடிஎன் (பல தளங்களுக்குப் பொதுவான விநியோக சர்வர்கள்) ஐபி இன்னும் மோசம், ஒரே முகவரிக்குப் பின்னாடி ஆயிரக்கணக்கான தளங்கள். ஒரு ஃபிஷிங் பக்கத்துக்காக அதை அடைக்கிறது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதை.

எதைத் தடுத்தா தாக்குறவனுக்கு எவ்வளவு வலிக்கும்னு அடுக்கி, பாதுகாப்பு நிபுணர் டேவிட் பியாங்கோ 2013-ல போட்ட 'பிரமிட் ஆஃப் பெயின்' படத்தை இன்னொரு தரம் பாருங்க. அடியில ஹாஷ் (கோப்போட கைரேகை), அடுத்து ஐபி, டொமைன். உச்சியில தாக்குறவனோட செயல்முறை. ஹாஷ் மாற ஒரு பைட் மாறினா போதும், ஐபி மாற புது விபிஎஸ் (வாடகை சர்வர்) போதும். அவனுக்கு வலிக்காத இடத்துலயே அடிச்சிட்டிருக்கீங்க.

ரூட்டர்ராசா:
8.8.8.8 பிரச்சினைக்கு மிஸ்ப்-ல (ஃபீடுகளைச் சேர்த்துப் பகிர்ற மென்பொருள்) வார்னிங்லிஸ்ட் இருக்கே! பொது டிஎன்எஸ், பெரிய கிளவுட் ரேஞ்ச் எல்லாம் அதுல அடக்கம். பொருந்துறதைக் கழிச்சிட்டு, ஐடிஎஸ் கொடி (தானியங்கிக் கண்டறிதலுக்கு உகந்ததுங்கற குறி) போட்ட பதிவை மட்டும் ஏத்துங்க. ஐபிக்கு 7 நாள், டொமைனுக்கு 30 நாள் காலாவதி வைங்க. காலாவதி இல்லாத பட்டியல் வீங்கிட்டே போகும். ஃபயர்வாலுக்கு மாடலைப் பொறுத்து வரம்பு உண்டு, நிறைய சாதனங்கள் அதைத் தாண்டினதை எடுத்துக்கவே எடுத்துக்காது. புதுசா வந்தது வெளியே நிக்கும், செத்த ஐபி உள்ளே உட்கார்ந்திருக்கும். ஸ்பாம்ஹாஸ் அமைப்போட ட்ராப் பட்டியல் வேற ரகம். குற்றக்கும்பல் கைக்குப் போன முழு நெட்பிளாக்குகள் (ஐபி தொகுதிகள்) அதுல இருக்கு, அதை யோசிக்காம டிராப் பண்ணலாம்.

நைட்ஷிஃப்ட்:
இருவரும் ஃபயர்வாலையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். டொமைன்களுக்குச் சரியான இடம் ரிசால்வர், அதாவது பெயருக்கு ஐபி தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர். பைண்ட், அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருள்கள் இரண்டிலும் ஆர்பிஇசட் (குறிப்பிட்ட பெயர்களுக்குப் பதிலை மாற்றும் வசதி) உண்டு. ஃபீடை அதில் ஏற்றினால் சிடிஎன் தொல்லை வராது, ஏனென்றால் பெயரைத்தான் தடுக்கிறோம்.

பதிலாக வெறும் என்எக்ஸ்டொமைன் ('அப்படி ஒரு பெயரே இல்லை') கொடுப்பதைவிட, உள்ளேயே ஒரு சிங்க்ஹோல் சர்வர் (தடுத்த பெயர்களைத் தேடி வருபவர்களைப் பதிவு செய்வது) வைத்து அதன் ஐபியைக் கொடுங்கள். காரணம் இருக்கிறது. பல நெட்வொர்க்குகளில் பிசிக்கள் டொமைன் கன்ட்ரோலரை (விண்டோஸ் நெட்வொர்க்கில் லாகினைக் கவனிக்கும் சர்வர்) கேட்கும், அது வெளி ரிசால்வரைக் கேட்கும். அலெர்ட்டில் தெரிவது டொமைன் கன்ட்ரோலரின் ஐபி மட்டுமே. அதற்கே தொற்று என்று நினைத்து அலறுவார்கள், உண்மையில் கேட்ட லேப்டாப் தப்பித்துவிடும். சிங்க்ஹோல் இருந்தால் அந்த லேப்டாப் தானே வந்து அதன் கதவைத் தட்டும். இடையில் புராக்ஸி இருந்தால் அதன் லாக்கும் வேண்டும். டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸையும் (பிரவுசர் நேராக வெளியே அனுப்பும் மறைகுறியிட்ட டிஎன்எஸ்) அடைக்காவிட்டால் பிரவுசர் இதையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்விடும்.

எதுவானாலும் முதல் 2 வாரம் லாக் மட்டும், பிளாக் வேண்டாம்.

லாக்மேடு:
இது உருப்படியான பேச்சு. ஆனா ஃபீடோட பெரிய பயனே பின்னோக்கித் தேடுறதுதான். சோலார்விண்ட்ஸ் (நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் நிறுவனம்) விவகாரம் வெளியே வந்தது 2020 டிசம்பர்ல, நச்சு கலந்த அப்டேட் போக ஆரம்பிச்சது மார்ச்லயே. நிறுவினதும் 2 வாரம் வரைக்கும் சும்மா தூங்கற மால்வேர் அது. டொமைன் ஊருக்கே தெரிஞ்ச அன்னைக்கு 30 நாள் லாக் மட்டும் வெச்சிருந்தவங்க எதைத் தேடியிருக்க முடியும்? டிஎன்எஸ் லாக் குறைஞ்சது ஒரு வருஷம் வேணும்.

செயல்முறைக்கும் உதாரணம் சொல்றேன். மைட்டரோட அட்டாக் பட்டியல்ல (தாக்குதல் உத்திகளோட அட்டவணை) டி1003.001, எல்சாஸ் (விண்டோஸ்ல லாகினைச் சரிபார்க்கிற ப்ராசஸ்) மெமரியிலிருந்து கடவுச்சொல் திருடறது. சிஸ்மான் (மைக்ரோசாஃப்டோட லாக் கருவி) நிகழ்வு 10-ல, அதாவது ஒரு ப்ராசஸ் இன்னொண்ணைத் திறக்கும்போது வர்ற பதிவுல, இலக்கு எல்சாஸ்னு வந்தா தூக்குங்க. ஆன்டிவைரஸும் அதே மெமரியைத் தொடும், அதோட பாதையை விலக்குல போடலேன்னா முதல் மணி நேரத்துலயே அலெர்ட் குவியும். விண்டோஸ் 4688 நிகழ்வுல (புது ப்ராசஸ் தொடங்கினதுங்கற பதிவு) கமாண்ட் லைன் இயல்பா பதிவாகாது, குரூப் பாலிசியில தனியா ஆன் பண்ணணும்.

ரூட்டர்ராசா:
ரெண்டே பேர் இருக்கிற டீம்ல இந்த விலக்கெல்லாம் யார் எழுதி, யார் பராமரிக்கிறது? அவங்களுக்கு அதைவிட அமெரிக்க அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா நடத்துற கெவ் பட்டியல் போதும். நிஜமாவே தாக்குதல்ல பயன்படுற ஓட்டைகள் மட்டும் இருக்கிற பட்டியல், 2021 நவம்பர்லேர்ந்து வருது. தங்களோட சாதனப் பட்டியலோட ஒப்பிட்டு, இணையத்தைப் பார்த்து நிக்கிற விபிஎன் பெட்டியை முதல்ல பேட்ச் பண்ணட்டும்.

லாக்மேடு:
அதுல சண்டையே இல்ல. சாதனப் பட்டியல் எங்க இருக்குங்கறதுதான் கேள்வி. முக்கால்வாசி இடத்துல அது யாரோ விட்டுட்டுப் போன எக்செல்.

நைட்ஷிஃப்ட்:
ஃபீடுகளையும் கணக்கில் வையுங்கள். 90 நாளில் எத்தனை அலெர்ட், அதில் எத்தனை உண்மை என்று ஃபீடு வாரியாக எழுதுங்கள். ஒன்றுகூட உண்மையில்லாததற்குச் சந்தா கட்டுவதை நிறுத்துங்கள்.

ரூட்டர்ராசா:
2 வாரம் லாக் மட்டும்ங்கறதை டொமைனுக்கும் ஒத்தை ஐபிக்கும் ஏத்துக்கறேன். ட்ராப் பட்டியல் முதல் நாளே பிளாக்லதான் போகும், அதுல பேரம் இல்ல.