குவேக்கர்காரங்க பாதிரியாரே வேணாம்னு சொன்னது ஏன்?

சந்தேகப்பேர்வழி:
எங்க வீட்ல சிஎஸ்ஐ, ஆராதனைன்னா ஆயர் ஒண்ணு சொல்ல சபை ஒண்ணு சொல்லன்னு பழகிப்போச்சு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல குவேக்கருங்கன்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு, பாதிரியார், ஞானஸ்நானம், திருவிருந்து எதுவும் வேணாம்னு அமைதியா உக்காந்திருந்தாங்களாம். இதுக்கா ஜெயில்?

பழையபேப்பர்:
அமைதியா மட்டும் எங்க இருந்தாங்க 😄 அதை ஆரம்பிச்ச ஜார்ஜ் ஃபாக்ஸ் 1649ல நாட்டிங்ஹாம் சர்ச்சுல பிரசங்கம் நடக்கும்போதே குறுக்க பேசி ஜெயிலுக்குப் போனாரு. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ்ல படிச்சா மட்டும் ஒருத்தன் ஊழியக்காரன் ஆயிடுவானா, கிறிஸ்துவோட ஒளி எல்லாருக்குள்ளயும் இருக்கு, நடுவுல ஆள் எதுக்குன்னு கேட்டாரு. எழுதி வச்ச ஜெபத்தை வாசிக்கிறதும் அப்படித்தான், ஆவி ஏவாம வாய் மட்டும் அசையுதுன்னாங்க. உண்மையான ஞானஸ்நானம் உள்ளுக்குள்ள நடக்குறது, தண்ணி வெறும் அடையாளம்னு குவேக்கர் இறையியலாளர் ராபர்ட் பார்க்லே 1676ல லத்தீன்ல புத்தகமே போட்டாரு. ஆனா 1664 சட்டம் வந்தப்புறம் சும்மா உக்காந்தாலும் குத்தம்தான், வீட்டு ஆளுங்க போக அஞ்சு பேர் அரசாங்க சபையான ஆங்கிலிக்கன் முறைக்கு வெளிய வழிபாட்டுக்குக் கூடக்கூடாது.

வரப்புமேடு:
எல்லாரும் ஒளி, ஆவின்னு பேசிட்டு காசை விட்டுடுறீங்க. தசமபாகம் அங்க விருப்பக் காணிக்கை இல்ல, சட்டப்படி வசூல், சர்ச் வாசல் மிதிக்காதவனும் விளைச்சல்ல பத்துல ஒண்ணு குடுக்கணும். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்"னு வசனத்தைக் காட்டி இவங்க மாட்டேன்னாங்க, உடனே மாடு, தானியம், வீட்ல இருக்க ஈயத் தட்டு வரைக்கும் ஜப்தி, பல நேரம் பாக்கியை விட அதிகமாவே அள்ளிட்டுப் போயிருக்காங்க, இவங்களும் விடாம ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதி வச்சாங்க. பல ஊர்ல அந்த வசூல் உரிமை பாதிரியார்கிட்ட இல்ல, பண்ணையார்கிட்ட இருந்துச்சு, அதான் பண்ணையாருங்களுக்கு அவ்ளோ கோவம். ஜெபப் புத்தகத்தை மட்டும் திட்டியிருந்தா இந்த அடி விழுந்திருக்காதுங்கறது என் கருத்து.

நைரோபிவாசி:
எல்லா குவேக்கரும் இப்படின்னு நினைக்காதீங்க. இன்னைக்கு அவங்க ரொம்ப அதிகமா இருக்கறது கென்யாலதான், இங்க போதகர், பாட்டு, பிரசங்கம் எல்லாம் உண்டு. ஞானஸ்நானத்துக்கு மட்டும் தண்ணி கிடையாது.

சந்தேகப்பேர்வழி:
வரப்புமேடு அண்ணே, இது எனக்குப் புதுசு. சரி, பாதிரியார் இல்லாம கல்யாணம் எப்படி?

பழையபேப்பர்:
கூட்டத்துல ரெண்டு பேரும் எழுந்து ஒருத்தர ஒருத்தர் ஏத்துக்கறோம்னு சொல்லுவாங்க, வந்தவங்க எல்லாரும் சாட்சிக் கையெழுத்து. கல்யாணம்னா ஆங்கிலிக்கன் சர்ச்சுலதான்னு 1753ல சட்டம் போட்டப்பகூட குவேக்கருக்கும் யூதருக்கும் விலக்கு குடுத்துட்டாங்க, கத்தோலிக்கருக்குக்கூட அது கிடைக்கல.