மலைப்பக்கம் ஓட ரெண்டாவது மோட்டச்சைக்கிள், எதை எடுக்கலாம்?

பரந்தன் பெடியன்:
வணக்கம் அண்ணாமார். என்னட்ட பஜாஜ் சிடி100 ஒண்டு நிக்குது, வயலுக்கும் வேலைக்கும் அதுதான், விக்கிற எண்ணம் இல்லை. போன ஆவணியில மனிசியையும் ஏத்திக்கொண்டு அதிலயே நுவரெலியா போனனான். கண்டி மட்டும் கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர், ஒரு கரைச்சலும் தரேல்லை, ஆனா புசல்லாவை தாண்டி ரம்பொடை ஏத்தத்தில ரெண்டாம் கியர் இழுக்கேல்லை, முதலாம் கியரில லொறிக்குப் பின்னால ஊர்ந்து போனது. இறங்கேக்க இன்னும் மோசம், பின் பிறேக் சூடாகி எரிஞ்ச மணம், மிதிக்க மிதிக்கப் பிடிக்கேல்லை, மனிசி பயந்து இறங்கி நடந்தவ. அதால மலைக்கெண்டே ஒரு பாவிச்ச பைக் எடுக்கலாமெண்டு இருக்கிறன், லீசிங் போட விருப்பமில்லை. பல்சர் 150, யமஹா எஃப்இசட், ஜப்பான் செரோ 225, இந்த மூண்டும் மனசில கிடக்கு. என்ர உயரம் 5 அடி 4. மாத்தளை மலைப்பக்கம் இருக்கிற றிவஸ்ரன் போற ஆசையும் இருக்கு. வடிவாத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கராஜ் அண்ணை, கிளிநொச்சி:
தம்பி, முதல் பிறேக் கதையை முடிப்பம். எங்கட யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 ரோட்டில கடைசிக் கியர் போட்டால் மாங்குளம் மட்டும் காலை அசைக்கத் தேவையில்லை, அந்தப் பழக்கத்திலதான் எங்கட பெடியள் மலையில பிழை விடுறது. ஏறின கியரிலயே இறங்கவேணும், கிளச்சைப் பிடிச்சுக்கொண்டு உருட்டக்கூடாது, இஞ்சினே பாதிப் பாரத்தைத் தாங்கும். பின் பிறேக்கை விடாமல் மிதிச்சா டிரம் சூடாகிப் பிடியை விடும், அது டிரம் பிறேக் உள்ள எந்த பைக்குக்கும் பொது. சிசி எவ்வளவு எண்டு பாக்கிறதை விட ரெண்டு பேரோட ரெண்டாம் கியரில ஏறுதா, இறங்கேக்க நிக்குதா எண்டு பாரும். பல்சரெண்டால் முன்னுக்கும் பின்னுக்கும் டிஸ்க் உள்ளதா எடும், சாமான் எங்கட கடையளிலயே எடுக்கலாம், செயின் ஓடுற பின் பல்லுச் சில்லில, அதான் ஸ்புறொக்கற்றில, ரெண்டு பல்லுக் கூடப் போட்டால் ஏத்தத்தில நல்லா இழுக்கும், ஏ9இல கொஞ்சம் கத்தும் அவ்வளவுதான். எஃப்இசட்டில கார்பரேற்றருக்குப் பதிலாப் பெற்றோலை அளந்து தெளிக்கிற இன்ஜெக்சன் வந்தது நல்லம். நுவரெலியா 1868 மீற்றர், அங்க காத்து ஐதாப் போக கார்பரேற்றர் பைக் பெற்றோலைக் கூடக் குடிச்சு மந்தமா ஓடும், இன்ஜெக்சன் அதைத் தானாச் சரிபண்ணும்.

மாங்குளத்தான்:
நான் செரோ வச்சிருக்கிறன், நாலு வருசம். மண் ரோட்டில, குளக்கட்டில, தோட்டத்துக் கல்லுப்பாதையில அதுக்கு நிகர் இல்லை, விழுந்தாலும் ஒற்றை ஆளா நிமித்தலாம். ஆனா உங்களுக்கு வேணாம் எண்டுதான் சொல்லுவன். சீற் உயரம் 810 மில்லிமீற்றர், 5 அடி 4க்கு ரெண்டு காலும் முழுசா ஊண்டாது, சரிவில பின்னுக்கு ஆள் இருக்க நிப்பாட்டேக்க அது சும்மா விசயமில்லை. பெற்றோல் ராங்கும் சின்னன். பின் சீற்றில மனிசி தம்புள்ளை போகவே இடுப்பு முறிஞ்சுபோடும், என்ர ஆள் இப்ப பஸ்ஸிலதான் வாறா. கேபிள் ஒண்டு அறுந்தாலும் கொழும்பால வரும்வரைக்கும் பைக் விறாந்தையில. றிவஸ்ரனுக்கு மாத்தளை, இரத்தோட்டைப் பக்கத்தால தார் ரோட்டு, அதுக்கு செரோ தேவையே இல்லை.

வவுனியா அக்கா:
எல்லாரும் பைக்கைக் கதைக்கிறியள், புக்கை, அதான் பதிவுப் புத்தகத்தை, ஒருத்தரும் கதைக்கேல்லை. என்ர தம்பி பேர் மாத்தாமல் கைமாறுற ஓப்பின் பேப்பரில ஒண்டு எடுத்தவன், வித்தவன்ர பேர் புக்கிலயே இல்லை, பேந்து பாத்தா லீசிங்கும் முடியேல்லை, கட்டாத காசுக்கு வந்து தூக்கிக்கொண்டு போட்டாங்கள். உழைச்ச காசு முழுக்கப் போட்டுது, இண்டைக்கும் அந்தக் கதை எடுத்தால் அவன் எழும்பிப் போயிடுவான். புக்கில உள்ள ஆளைக் கண்ணால கண்டு, இஞ்சின் நம்பர், பைக் சட்டத்தில அடிச்ச சேசி நம்பர் ரெண்டையும் ஒவ்வொரு எழுத்தாப் பாத்துத்தான் காசு குடுக்கோணும். சேசி நம்பருக்கு மேல புதுப் பெயின்ற் அடிச்சிருந்தால் திரும்பி வாங்கோ. மற்றது ரயர். பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், 2319 எண்டால் 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது, அவ்வளவு பழசெண்டால் பூ வடிவா இருந்தாலும் றப்பர் கல்லாப் போயிருக்கும், மலையில மழைக்குள்ள வளைவில வழுக்கும்.

பரந்தன் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. செரோவை விட்டாச்சு, மனிசியும் சந்தோசம். வவுனியாவில ரெண்டு டிஸ்க் பல்சர் ஒண்டு நிக்குதாம், ஞாயிறு பாக்கப் போறன். புக்கில உள்ள ஆள்தான் விக்கிறார், கேட்டு வச்சிட்டன். போன உடன என்னத்தைப் பாக்கிறது அண்ணை?

கராஜ் அண்ணை, கிளிநொச்சி:
நான் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ண வேணாமெண்டு இப்பவே போன் எடுத்துச் சொல்லும். போன உடன இஞ்சினில கையை வையும், சூடா இருந்தால் உமக்கு முதலே ஓடிச் சூடாக்கி வச்சிருக்கினம், ஆறும்வரைக்கும் இருந்து பாரும். குளிர்ல ஸ்ராட் பண்ணேக்கதான் சைலன்சரில நீலப்புகை தெரியும், வந்தால் ஒயில் எரியுது. நடு ஸ்ராண்டில விட்டு முன் சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாத் திருப்பும், நடுவில டக்கெண்டு நிண்டால் ஹாண்டில் கழுத்துப் பெயாரிங், அதான் கோன் செற், போயிட்டுது, விலையில குறைச்சுக் கேளும். எடுத்தால் வரேக்க முறிகண்டியில தேங்காய் உடைச்சிட்டு நேர கராஜுக்கு வாரும், பிறேக் ஒயில் மாத்தாமல் மலைக்குக் கொண்டு போக விடமாட்டன்.