செல் மாற்றியும் பற்றரி வேலை செய்யவில்லை, இது பாதுகாப்பா, வியாபாரமா?

ஹட்டன் கடைக்காரன்:
தோட்டத்துத் தம்பி ஒருவர் புல்வெட்டும் மெஷினின் 36 வோல்ட் பற்றரியைக் கொண்டு வந்தார். உள்ளே வரிசையாக 10 செல், அதில் ஒன்றுதான் செத்திருந்தது. அதே வகையில் புதுசு போட்டேன், எல்லாம் ஒரே வோல்டேஜ் காட்டுகிறது, ஆனால் சார்ஜரில் வைத்தால் சிவப்பு லைட் மட்டும்தான். பழைய கோளாறை பற்றரிக்குள் இருக்கிற பாதுகாப்பு போர்டின் சிப் தன் நினைவில் எழுதி வைத்துக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு செல்லுக்காக முழுப் பற்றரியையும் வீசச் சொல்வது பகல் கொள்ளை.

பண்டாரவளை எலெக்ட்ரீசியன்:
கொள்ளை என்று சொல்வது லேசு தம்பி. லித்தியம் செல்லின் வோல்டேஜ் அளவுக்கு மீறி இறங்கிக் கிடந்தால் உள்ளே இருக்கிற செம்புத் தகடு கரையத் தொடங்கும். அதைத் திரும்ப சார்ஜ் பண்ணும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகலாம், மீட்டரில் இது தெரியாது. ஒன்றை மாற்றினீர்கள், மற்ற ஒன்பது? அந்தத் தம்பி சார்ஜ் போடப்போவது லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து வரிசை வீட்டில். ஒரு காம்பிராவில் தீப்பிடித்தால் வரிசையே போகும், நமக்குத் தெரியாததா?

ஹட்டன் கடைக்காரன்:
பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணே. திறப்பு யார் கையில் என்றுதான் கேட்கிறேன். ஐபோன் எக்ஸ்எஸ்ஸில் 2019இல் பார்த்தோமே, அதே மொடலின் அசல் பற்றரியைக் கழற்றிப் போட்டாலும் 'சர்வீஸ்' என்றது. அங்கே எந்தச் செம்பு கரைந்தது?

பண்டாரவளை எலெக்ட்ரீசியன்:
அந்த போன் வேலை செய்ததே, அறிவிப்பு மட்டும்தானே வந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

தலவாக்கலை அக்கா:
நடுவில் வருகிறேன். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது என் தம்பி செத்த லெப்டொப் பற்றரியை உடைத்து, ஆறு செல்லில் நாலு நல்லது எடுத்து லைட் கட்டித் தந்தான். பிள்ளை அந்த வெளிச்சத்தில்தான் படித்தாள். போர்டு 'செத்துவிட்டது' என்ற பற்றரிதான் அதுவும். ஆனால் அவன் ஒவ்வொரு செல்லையும் நிறைய சார்ஜ் பண்ணி, இரண்டு வாரம் சும்மா வைத்து, வோல்டேஜ் இறங்காததைத்தான் எடுத்தான். கடைக்காரத் தம்பி அப்படிப் பார்த்தீர்களா?

ஹட்டன் கடைக்காரன்:
இரண்டு வாரம் வைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஆனால் நான் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தாலும் அந்த சிப்புக்கு அதைச் சொல்ல வழி இல்லையே! ஐரோப்பாவில் 2023இல் போட்ட பற்றரிச் சட்டம், 2027 பெப்ரவரியிலிருந்து கையடக்கப் பற்றரி மாற்றுவதை மென்பொருளால் தடுக்கக்கூடாது என்கிறது. அவர்களுக்குத் தீயைப் பற்றித் தெரியாதா?

பண்டாரவளை எலெக்ட்ரீசியன்:
பொருத்தமான பற்றரியை மாற்றுவதைத்தான் அது சொல்கிறது, கடையில் உடைத்து ஒட்டியதை எல்லாம் சிப் ஏற்க வேண்டும் என்று இல்லை. சரி, சனிக்கிழமை ஹட்டன் வருகிறேன், கொள்ளளவு பார்க்கிற டெஸ்டர் என்னிடம் இருக்கிறது. ஒன்பதையும் அளப்போம். அதுவரை போர்டைத் தாண்டி நேரே வயர் கொடுத்துவிடாதீர்கள்.

ஹட்டன் கடைக்காரன்:
வாருங்கள் அண்ணே. ஒன்பதும் நல்லது என்று உங்கள் டெஸ்டரே சொல்லி, அப்போதும் சிவப்பு லைட்தான் என்றால் அந்தத் தம்பிக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.