விட்டன்பர்க் பலிபீட ஓவியம்: ஒரு விளக்கம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் விட்டன்பர்க் நகர ஆலயத்தில் 1547ஆம் ஆண்டு நிறுவப்பட்ட, ஓவியர் மூத்த லூகாஸ் கிரானாக்கின் பட்டறையில் உருவான பலிபீட ஓவியத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். நடுப்பலகையில் வட்ட மேசையைச் சுற்றி இயேசுவின் கடைசி இராப்போஜனம் நடக்கிறது. கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் தாடியுடன் சீடர்களுள் ஒருவராக அமர்ந்திருக்கிறார். வலப்பலகையில் அந்த ஆலயத்தின் போதகர் பூகன்ஹாகன் இரு சாவிகளுடன் பாவ அறிக்கை கேட்கிறார்: முழந்தாளிட்டவருக்கு மன்னிப்பு, கைகள் கட்டப்பட்டவருக்கோ மன்னிப்பு மறுக்கப்பட்டு வெளியேற்றம். கீழே உள்ள நீளப் பலகையில் (அடிப்பலகை என்று எழுதியிருக்கிறேன், இதைவிட நல்ல சொல் இருந்தால் தெரிவியுங்கள்) லூத்தர் ஒரு கையை வேதாகமத்தின் மீது வைத்து, மறுகையால் சிலுவையைச் சுட்டிப் பிரசங்கிக்கிறார். நாற்புறமும் வெற்றுச் சுவர்தான், ஆனாலும் கிறிஸ்துவின் இடைத்துணி பெருங்காற்றில் அகப்பட்டதுபோல் பறக்கிறது.

என் ஐயம் இடப்பலகையைப் பற்றியது. அதில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் லூத்தரின் சக சீர்திருத்தவாதி மெலாங்தன். அவரோ குருப்பட்டம் பெறாத பேராசிரியர். விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர்களே (குருக்களே) என்ற லூத்தரின் போதனையைக் காட்டவே கிரானாக் அவரை அங்கே நிறுத்தினாரா, அல்லது சீர்திருத்தத்தின் தலைவர்களை ஒரே பீடத்தில் சேர்க்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமா? எனக்கு முதலாவதே சரியெனப் படுகிறது. எனினும் அதை உறுதியாக எழுதத் தயக்கமாக உள்ளது. இறையியலோ கலை வரலாறோ பயின்றவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அந்த ஆலயத்துக்கு நேரில் சென்றவர்கள், இடப்பலகையை அருகிலிருந்து எடுத்த படம் இருந்தால் அன்புகூர்ந்து பகிரவும்.