ஈ.ஐ.யில் காலம் தள்ளியவர்கள்: ரொறன்ரோ அனுபவங்கள்

வடமராட்சியான்:

2025 வசந்தத்தில், ஸ்காபரோவில் நான் வேலை செய்த வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முதலில் இரவு ஷிப்டை நிறுத்தினார்கள், அப்புறம் எங்களை. அந்த ஆகஸ்டில் நாட்டின் வேலையின்மை வீதம் 7.1 சதவீதம். எந்த ஏஜென்சிக்குப் போனாலும் எனக்கு முன்னால் பழக்கப்பட்ட முகங்கள்தான் நின்றன.

ஈ.ஐ. என்பது வேலை போனவர்களுக்கு அரசு கொடுக்கும் வேலைக் காப்புறுதிப் பணம். அது சம்பளத்தில் 55 சதவீதம், அந்த ஆண்டின் உச்சவரம்பு வாரத்துக்கு 695 டொலர். அதிலும் வரி பிடிப்பார்கள். மனைவியின் சம்பளத்தையும் சேர்த்தால் வாடகை போகும், அடுப்பு எரியும். ஆனால் நம் ஆட்களின் செலவுகள் ஈ.ஐ.க்குத் தெரியாது. ஏற்கெனவே ஏலத்தில் கூறி எடுத்த சீட்டு ஒன்று பாதியில் இருந்தது. கட்டாமல் விட முடியாது. சனி, ஞாயிறானால் ஒரு சாமத்திய வீடு, ஒரு ஐம்பதாவது பிறந்தநாள். மண்டபத்துக்கு வெறுங்கையோடு போகலாமா, என்வலப் வேண்டுமே. வேலை எப்படிப் போகுது என்று கேட்டவர்களிடம் நான் மறைக்கவில்லை. லே-ஆஃப் என்று சொன்னதும் அதே மேசையில் இரண்டு பேர் "எனக்கும்தான்" என்றார்கள்.

அதற்கிடையில் ஊரில் அப்பா போய்விட்டார். ஈ.ஐ. எடுக்கிறவர் கனடாவுக்கு வெளியே இருந்தால் அந்த நாட்களுக்குப் பணம் இல்லை. பெற்றோர் போன்ற நெருங்கிய உறவின் இறுதிச்சடங்கு என்றால் தொடர்ச்சியாக ஏழு நாள் வரை விலக்கு. பிளேனில் போக வரவே அதில் பாதி போய்விடும். செத்தவீடு, காடாத்து, எட்டு, பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. மூத்த பிள்ளை நான். ஏழு நாளில் எப்படித் திரும்புவது?

தெரிந்த ஒருவர், "ரிப்போர்ட்டில் இல்லை என்று அமத்திவிடு, யாருக்குத் தெரியப் போகுது" என்றார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ரிப்போர்ட்டில் அந்தக் கேள்வி நேராகவே இருக்கிறது: திங்கள் முதல் வெள்ளி வரையில் கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா? ஆம் என்று போட்டு, தேதிகளையும் போட்டேன். நல்லவன் என்பதற்காக இல்லை. யார் எப்போது நாட்டை விட்டுப் போனார், வந்தார் என்ற எல்லைப் பதிவை ஈ.ஐ. பக்கமும் எடுத்துப் பார்க்க முடியும். பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதோடு அபராதமும் வரும்.

பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: ஏழு நாளுக்கு மேல் நின்ற வாரங்களுக்குப் பணம் வரவில்லையே தவிர, அந்த வாரங்கள் எனக்குரிய கணக்கில் இருந்து கழியவில்லை. பின்னுக்குத் தள்ளிப்போயின, அவ்வளவுதான். பொதுவாக 52 வாரக் காலத்துக்குள் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். இதை முதலே அறிந்ததால் அந்தியேட்டி முடியும்வரை நிம்மதியாக நின்றேன். அந்த மாத வாடகைக்கு மட்டும் மச்சானிடம் கைமாற்று வாங்கினோம்.

மாலைநேர ஷிப்ட்:

அண்ணா, அப்பாவின் செய்தி கேட்டு மனவருத்தம்.

நான் ஈ.ஐ.யில் இருக்கும்போது ஒரு பேக்கரியில் பகுதிநேரம் போனேன். "போகாதே அக்கா, உழைக்கிறதை எல்லாம் வெட்டிவிடுவார்கள்" என்று ஒரு தங்கச்சி பயம் காட்டினாள். அப்படி இல்லை. முன்பு வாரம் 1,000 டொலர் எடுத்தவருக்கு ஈ.ஐ. 550 என்று வையுங்கள். அந்த வாரம் பகுதிநேரத்தில் 300 உழைத்தால் அதில் பாதி, 150, ஈ.ஐ.யில் குறையும். ஆக 400 ஈ.ஐ., 300 சம்பளம், மொத்தம் 700. பழைய வாரச் சம்பளத்தின் 90 சதவீதம் வரை இந்தப் பாதிக் கணக்கு. அதற்கு மேல் உழைப்பது டொலருக்கு டொலர் கழியும். முழு வாரம் வேலை செய்தால் அந்த வாரம் ஈ.ஐ. கிடையாது.

சிக்கல் கணக்கில் இல்லை, கிழமைகளில். ரிப்போர்ட்டின் வாரம் ஞாயிறு தொடங்கி சனி முடியும். பேக்கரியின் சம்பளக் காலம் வெள்ளியோடு முடியும். காசு கையில் வந்த வாரத்தில் அல்ல, வேலை செய்த வாரத்தில், கழிவுகளுக்கு முந்திய தொகையைப் போட வேண்டும். சம்பளத் துண்டைப் பார்த்துப் போட்டால் பொருந்தவே பொருந்தாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரில், பஞ்சாங்கக் கட்டங்களுக்குள்ளேயே, ஒவ்வொரு நாளும் வேலை செய்த மணித்தியாலத்தை எழுதிவைத்தேன். அட்டமி நவமிக்கு நடுவில் "5.5" என்று கிடக்கும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

பழைய கணக்காளர்:

எனக்கு 2024இல் வேலை போனது. வேலையை விட்டு நிறுத்தும்போது கொடுக்கும் செவரன்ஸ் தொகையைக் கொடுத்தார்கள், சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தத் தொகையை வாரச் சம்பளமாகப் பிரித்து, அத்தனை வாரம் கழித்துத்தான் ஈ.ஐ. தொடங்கியது. மைத்துனருக்கு அடுத்த கோடையில் வேலை போனபோது செவரன்ஸும் வந்தது, ஈ.ஐ.யும் உடனே வந்தது. அமெரிக்க இறக்குமதி வரிப் பிரச்சினையால் 2025 மார்ச் 30 முதல் தற்காலிகமாக விதியைத் தளர்த்தியிருந்தார்கள். வழக்கமாகப் பணம் இல்லாமல் போகும் முதல் வாரக் காத்திருப்பும் அவருக்கு இருக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு விதமான கதை. ஆகவே தெரிந்தவருக்கு நடந்ததை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

பேஸ்மென்ட் வாசி:

எனக்கு வேலை போய் மூன்றாவது வாரம். கம்பனி இன்னும் ஆர்.ஓ.இ. (வேலை செய்த காலம், சம்பளம் காட்டும் பதிவு) அனுப்பவில்லை. கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். அது வந்த பிறகு ஈ.ஐ.க்குப் போடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

மாலைநேர ஷிப்ட்:

இல்லை தம்பி, சரியில்லை. கடைசியாக வேலை செய்த நாளில் இருந்து நான்கு வாரத்துக்கு மேல் பிந்தினால் சில வாரப் பணமே இல்லாமல் போகலாம். ஆர்.ஓ.இ. கையில் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். இணையவழி அனுப்பும் கம்பனி என்றால், அந்தச் சம்பளக் காலம் முடிந்து ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. அதற்காக நீ காத்துக்கிடக்கத் தேவையில்லை. சம்பளத் துண்டுகள், வேலையை நிறுத்திய கடிதம், கம்பனிக்கு நீ அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்துவை. எங்கெங்கே வேலைக்கு விண்ணப்பித்தாய் என்பதையும் தேதியோடு எழுதிவை, பிறகு கேட்டால் காட்ட வேண்டும்.

கடந்த 52 வாரத்தில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்திருக்கிறாய்? இடத்தைப் பொறுத்து 420 முதல் 700 வரை கேட்பார்கள்.

பேஸ்மென்ட் வாசி:

முழுநேரம் செய்தேன் அக்கா, ஆயிரத்துக்கு மேல் வரும்.

மாலைநேர ஷிப்ட்:

அப்போ என்ன யோசனை? இன்றிரவே போட்டுவிடு.