‘பார் பெட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் விளையாட்டு நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஓர் இயலின் தலைப்பிலேயே நிற்கிறேன்: ‘பார் பெட்’. மதுக்கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “இது உன்னால் முடியாது, என்ன பந்தயம்?” என்று ஒருவர் கேட்பாரே, அது. நாணயம், தீக்குச்சி, குவளை என்று கைக்கு எட்டுபவைதான் கருவி. உயரமான குவளை ஒன்றைக் காட்டி, “உயரம் அதிகமா, வாயின் சுற்றளவு அதிகமா?” என்று கேட்டால், பெரும்பாலும் உயரம் என்றே பதில் வரும். வாயின் விட்டம் 7 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 22 செ.மீ. குவளையோ 15 செ.மீ. உயரம்தான்.

‘மதுக்கூடப் பந்தயம்’ என்று எழுதிவைத்தேன். மதுவும் வேண்டாம், சூதும் வேண்டாம் என்கிறார் பதிப்பாசிரியர். நல்ல சொல்லாகத் தாருங்கள்.

ம.

———

ம. அம்மா,

‘பந்தயப்புதிர்’ போதும். இடம் எதுவானாலும் விளையாட்டு அதேதான், மதுக்கூடத்தை விட்டுவிடலாம்.

என் வகுப்பில் 15 செ.மீ. அளவுகோலைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்வேன். அதன் கீழ்முனைக்கு இரு பக்கமும் விரல்களைத் தொடாமல் வைத்திருக்கும் மாணவர், நான் விட்டதும் பிடிக்கவேண்டும். பிடிக்க முடியாது. அளவுகோல் முழுதும் கடந்துபோக 0.175 நொடி, கண் பார்த்து விரல் மூட ஏறத்தாழ 0.2 நொடி. புவியீர்ப்புப் பாடத்தை இதைவிட நன்றாக என்னால் தொடங்க முடிந்ததில்லை. அந்த வகுப்பில் எழுதிப்போட எனக்கும் ஒரு சொல் வேண்டும்.

செ.

———

> ‘பந்தயப்புதிர்’ போதும்.

போதாது, செ. புதிர் சொல்லால் கேட்டுச் சொல்லால் விடுப்பது. நம்மிடம் அதற்குப் பழைய பெயரே உண்டு: பிசி. ஒப்புமையால் வருவது, குறிப்பாகச் சொன்னதிலிருந்து துணிவது என்று தொல்காப்பியச் செய்யுளியல் அதை இரண்டாகப் பிரிக்கிறது. அளவுகோலைப் பிடிப்பது இரண்டிலும் அடங்காது.

பந்தயத்தைச் சுட்டவேண்டுமானால் ‘வல்’ இருக்கிறது. சூதாடு கருவிக்கு அதுதான் பெயர். ‘வல்லென் கிளவி தொழிற்பெயர் இயற்றே’ என்று தொல்காப்பியத்தில் அதற்குத் தனி நூற்பாவே உண்டு; புணரும்போது பொதுவாக உகரம் பெற்று வல்லு என்றாகும். நாய், பலகை என்னும் சொற்கள் பின்னால் வந்தால் மட்டும் உகரம் கெட்டு வல்லநாய், வல்லப்பலகை என்று அகரம் நிற்பதும் உண்டு. ஆகவே ‘வல்லுப்புதிர்’ என்றோ, புதிர் வேண்டாமென்றால் ‘வல்லுப்பிசி’ என்றோ ஆக்கலாம். வல்லமை என்ற பொருளும் உடன் ஒலிக்கும்.

இன்னொன்று. பேச்சில் ‘பெட்டு’ கட்டுகிறோம் அல்லவா? ‘பிணையும் பேணும் பெட்பின் பொருள’ என்கிறது தொல்காப்பிய உரியியல். பெட்பு என்றால் விருப்பம். விரும்பி முன்வைப்பது பெட்டு என்று ஏன் கொள்ளக்கூடாது? ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்கு மூலம் உறுதியாகவில்லை.

வே.

———

வே. ஐயா, மன்னிக்கவேண்டும். அங்கே மூலம் உறுதியாகவில்லை என்பதால் அது நம்முடையதாகிவிடாது. பெட்டு கடன் சொல். பெட்போடு ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். இப்படித் தொடங்கினால் எல்லா மொழிகளின் எல்லாச் சொற்களும் தமிழாகிவிடும். கலைச்சொல் வேலை நகராது.

வல்லுப்புதிர் என்று தலைப்பைப் பார்க்கிற பிள்ளை வல்லுநருக்கான புதிர் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடும். ‘ஒட்டம்’ எப்படி? பந்தயம் என்ற பொருளில் அகராதியில் இருக்கிறது. தெலுங்கில் ஒட்டு என்றால் ஆணை. ‘ஒட்டப்புதிர்’ சுருக்கமாகவும் இருக்கிறது.

இரா.

———

ஒட்டப்புதிர் என்று கரும்பலகையில் எழுதினால் பசை எங்கே என்று கேட்பார்கள். ‘பணயப்புதிர்’ என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: இன்று பணயம் என்றால் பணயக்கைதிதான் நினைவுக்கு வருகிறார். ‘சவால் புதிர்’ எளிது. ஆனால் சவால் அரபியில் கேள்வி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்று வே. ஐயா மறுப்பார், மறுக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

புதிர் சொல்லால்தான் ஆகவேண்டும் என்பதை மட்டும் ஏற்கமுடியவில்லை. தீக்குச்சிகளை நகர்த்திச் சதுரமாக்குவதையும் புதிர் என்றுதானே சொல்கிறோம்? வழக்கு விரிந்துவிட்டது.

செ.

———

எல்லாரும் பந்தயத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். இந்த விளையாட்டின் இயல்பு வேறு இடத்தில் இருக்கிறது.

சூதில் இரண்டு பேருக்குமே முடிவு தெரியாது. இங்கே கேட்பவருக்குத் தெரியும். விளிம்புவரை நீர் நிரம்பிய குவளையில் இன்னும் எத்தனை நாணயம் போடலாம் என்று கேட்பவர், பரப்பு இழுவிசையால் நீர் விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கும் என்று முன்பே அறிந்தவர். குவளையில் சோப்பு ஒட்டியிருந்தால் சீக்கிரம் வழியும் என்பதும் தெரிந்து, நன்றாக அலம்பி வைத்திருப்பார். படுக்கவைத்த வெறும் புட்டியின் வாயில் சிறு காகித உருண்டையை வைத்து, “உள்ளே ஊது பார்க்கலாம்” என்பவரும் அப்படித்தான். ஊதுகிற காற்று உருண்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அழுத்தத்தைக் கூட்ட, உருண்டை வெளியே வரும். பலமாக ஊதினால் இன்னும் வேகமாக வரும். ‘இது யாருக்கும் முடியுமே’ என்ற நம் நினைப்புதான் இரை.

சூது அதிகாரத்தின் முதல் குறளில், சூதில் பெறும் வெற்றி ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்று வருகிறது. எளிதாகத் தெரிவதை விழுங்கி மாட்டிக்கொள்வது. ஆகவே ‘தூண்டிற்புதிர்’.

கு.

———

அருமை, கு. லகர ஈறு வல்லினம் வர றகரமாவது எவ்வளவு இயல்பாக விழுகிறது பாருங்கள். தூண்டு என்ற வினையும் உள்ளே இருப்பதால், தூண்டி விடுவது, தூண்டிலிட்டுப் பிடிப்பது இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. என் வல்லுப்புதிரை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘தூண்டில் புதிர்’ என்று பிரித்து அச்சிடக்கூடாது. அது என் நிபந்தனை.

வே.

———

சொல் அழகுதான். ஆனால் தூண்டிலில் மாட்டிய மீன் சாகிறது. அளவுகோலைத் தவறவிட்ட மாணவர் ஏன் தவறியது என்று கேட்கிறார். கற்பவரை இரையாக்கும் பெயரை என் வகுப்பில் வைக்க மாட்டேன். பிள்ளைக்குப் பந்தயம் தெரியும், புதிர் தெரியும். இரண்டையும் சேர்த்தால் விளக்கமே வேண்டாம்.

செ.

———

நானும் செ. பக்கம். றகரத்தைக் காப்பாற்ற அச்சகத்தோடு மல்லுக்கட்ட முடியாது.

இரா.

———

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மை பந்தயப்புதிருக்கே. தலைப்பு அதுவாகவே போகிறது. கு.வின் விளக்கத்தை இயல் முன்னுரையில் இரண்டு வரியாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு சிறு ஐயம். அட்டையைச் சுண்டினால் மேலிருக்கும் நாணயம் குவளைக்குள் விழுகிறதே, அங்கே, பொருள் இருந்த நிலையிலேயே இருக்கும் இயல்பை ‘நிலைமம்’ என்று எழுதியிருக்கிறேன். இலங்கை வாசகர்கள் ‘சடத்துவம்’ என்று படித்தவர்கள். இரண்டையும் போடலாமா?

ம.

———

இரண்டையும் போடுங்கள். அதில் யாருக்கும் இழப்பில்லை.

தலைப்பில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: “இந்த அறையில் இரண்டு பேருக்காவது ஒரே நாளில் பிறந்தநாள் இருக்கும், என்ன பந்தயம்?” 23 பேர் இருந்தால் வாய்ப்பு 50.7 விழுக்காடு, ஏறத்தாழச் சரிசமம். அதற்குப் பந்தயம் என்ற பெயர் பொருந்தும். கணக்குத் தெரிந்தவர் 40 பேர் சேரும்வரை வாயைத் திறக்கமாட்டார். அப்போது வாய்ப்பு 89 விழுக்காடு. எதிரில் இருப்பவர் ஆண்டின் 365 நாளை நினைத்து, நடக்காது என்று கைநீட்டுவார். கேள்வி மாறவில்லை, ஆனால் இப்போது நடப்பது பந்தயம் இல்லை. இந்த வேறுபாட்டைத்தான் அந்த இயல் கற்றுத்தர வேண்டும் என்று நினைக்கிறேன். தலைப்பு அதை மறைக்கிறது. செ. சொல்லும் இரக்கம் எனக்கும் உண்டு. தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை மாட்டாது.

சொல்லடைவிலாவது ‘தூண்டிற்புதிர்’ என்று ஒரு வரி கொடுங்கள், ம.

கு.