கரையோரப் பாதைப் பராமரிப்பு மென்பொருள்: முதலில் சென்சரா, பதிவேடா?

வெள்ளவத்தை_கோடர்

கொழும்பு கோட்டையிலிருந்து கல்கிசை வரையான இரட்டை ரயில் பாதையை மாதிரியாக எடுத்து, ஒரு சொத்துப் பதிவேடும் பராமரிப்பு அப்பும் வடிவமைக்கிறோம். பிறகு முழுக் கரையோரப் பாதைக்கும் நீட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மென்பொருள் எங்களுக்குத் தெரியும், தண்டவாளம் தெரியாது. காசு போடுகிறவர்கள் சென்சர், டாஷ்போட், ஏஐ என்று கேட்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்களோ முதலில் பதிவேட்டைச் சரியாக்கு என்கிறார்கள்.

ஒவ்வொரு பொருளையும் ஜிபிஎஸ் புள்ளியாக வைத்தால் போதுமா? அடையாளத்துக்குக் கியூஆரா, ரேடியோ அலையால் வாசிக்கும் ஆர்எஃப்ஐடி வில்லையா? பத்துப் பதினைந்து சென்சருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எங்கே போடுவது? ரயில் பெட்டிக்குள் ஒரு போனை வைத்து அதிர்வைப் பதிந்தாலே பாதையின் நிலை தெரிந்துவிடும் என்கிறார்களே, அது சரிவருமா?

பாதைமேற்பார்வை

ஜிபிஎஸ் மட்டும் போதாது தம்பி. திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் சில மீற்றர் பிசகும். பக்கத்துப் பாதையின் நடுக்கோடும் சில மீற்றர் தூரத்தில்தான். ஆகவே புள்ளி மேல் பாதையில் (அப் லைன்) விழுந்ததா கீழ்ப் பாதையில் (டவுன் லைன்) விழுந்ததா என்று போனால் சொல்ல முடியாது. பழுது மேல் பாதையில் இருக்க, ஆட்கள் கீழ்ப் பாதையில் தேடிக்கொண்டிருப்பார்கள். பாதையை மனிதன்தான் தெரிவு செய்ய வேண்டும், அதை அப் கட்டாயமாகக் கேட்க வேண்டும்.

இடம் என்பது நாலு துண்டு: எந்த மார்க்கம், எந்தப் பாதை, எந்த மைல் கல், அந்தக் கல்லிலிருந்து எத்தனை மீற்றர். பழைய ஏடுகளில் மைலும் செயினும் வரும். ஒரு மைலுக்கு 80 செயின், ஒரு செயின் 20.1168 மீற்றர். 14 மைல் 35 செயினைக் கணக்குப் போட்டால் 23,234.9 மீற்றர். இதை அப்படியே தரவுத்தளத்தில் போட்டுவிடாதீர்கள். பாதை திருத்தப்பட்ட இடங்களில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் சரியாக ஒரு மைல் இருக்காது. கூடியும் குறைந்தும் இருக்கும். பூச்சியத்திலிருந்து பெருக்கிக்கொண்டு போனால் பிழையும் கூடவே சேர்ந்துகொண்டு போகும். ஆர்டிகே கருவி (மிகத் துல்லியமான ஜிபிஎஸ்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு கல்லையும் சென்ரிமீற்றர் துல்லியத்தில் ஒரு முறை அளந்து வையுங்கள். பிறகு எந்தப் பொருளாக இருந்தாலும் பக்கத்துக் கல்லிலிருந்தான தூரத்தால் குறியுங்கள். கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்), போஸ்ட்ஜிஐஎஸ் (இடத் தரவுத்தளம்) இரண்டிலும் கோட்டின் நீளத்தை வைத்து இடம் குறிக்கும் வசதி இருக்கிறது, இலவசம்.

அடுத்தது, இடத்துக்கு ஒரு எண், பொருளுக்கு வேறொரு எண். பொயின்ட், அதாவது ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றதற்குத் திருப்பும் அமைப்பு, இருக்கும் இடம் மாறாது. அதிலுள்ள மோட்டார் பழுதாகி வேர்க்‌ஷொப் போய் வேறொரு நிலையத்துக்குத் திரும்பி வரும். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால், மூன்று தடவை எரிந்த மோட்டாரின் வரலாறு அதை முதலில் பூட்டியிருந்த இடத்தோடு நின்றுவிடும். புதிதாக வந்த நல்ல மோட்டார் கெட்ட பெயர் எடுக்கும். மோட்டாரின் சீரியல் இலக்கம் மோட்டாரோடு போகட்டும், இடத்தின் எண் இடத்திலேயே இருக்கட்டும், எந்தத் திகதியில் எது எங்கே இருந்தது என்று மூன்றாவது அட்டவணை ஒன்று வைத்திருங்கள். மார்க்கத்தின் பெயரையோ கல்லின் எண்ணையோ பொருளின் எண்ணுக்குள் திணிக்க வேண்டாம்.

கடற்கரையில் ஒட்டும் கியூஆர் உப்பிலும் வெயிலிலும் வெளுத்துப்போகும். 316 தர எவர்சில்வர் தகட்டில் லேசரால் பொறியுங்கள், பிழைதிருத்த மட்டம் எச். குறியில் முப்பது வீதமளவு மறைந்தாலும் அது வாசிக்கும். கீழே எண்ணை மனிதக் கண்ணுக்கும் தெரியும்படி பெரிதாகப் போடுங்கள். ஆர்எஃப்ஐடி என்றால் உலோகத்தின் மேல் வேலை செய்யும் வகையைத்தான் வாங்க வேண்டும், சாதாரண வில்லை இரும்பில் ஒட்டியவுடன் ஊமையாகிவிடும். எதுவானாலும் தகடு பூட்டுவதற்காகத் தண்டவாளத்தில் துளை போட விடாதீர்கள். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

படிவக்காரி

மேலே சொன்னதோடு படிவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓடிகே கலெக்ட் அல்லது கியூஃபீல்ட் என்ற போன் அப்பை எடுத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் பதியலாம், சிக்னல் கிடைத்த பிறகு ஏற்றலாம். கேள்விகளைச் சிங்களத்திலும் தமிழிலும் போடுங்கள், ஆனால் சேமிப்பது குறியீடாக மட்டும் இருக்கட்டும்.

கட்டாயப் புலங்களைக் குறையுங்கள். இருபது கட்டாயக் கேள்வி வைத்தால், ஆள் பின்னேரம் நிலையத்தில் குந்தியிருந்து எல்லாவற்றுக்கும் ‘நல்ல நிலை’ என்று தட்டிவிடுவார். போன முறை அளவை முன்கூட்டிக் காட்டாதீர்கள், அதையே திருப்பி எழுதிவிடுவார்கள். சேமித்த பிறகு காட்டி, வித்தியாசம் பெரிதென்றால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

வளைவுகளுக்கு எல்லை வைப்பது சுலபம். 20 மீற்றர் நூல் பிடித்து நடுவில் அளக்கும் இடைவெளி மில்லிமீற்றரில் 50,000ஐ ஆரையால் வகுத்தது. ஆரை 500 மீற்றர் என்றால் 100 மில்லிமீற்றர். அங்கே யாராவது 10 என்று தட்டினால் பூச்சியம் ஒன்று விடுபட்டிருக்கிறது. பாதையில் நிற்கும்போது போனைப் பார்க்கவே கூடாது. ரயில் வருவதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் நிற்க, பதிகிறவர் பாதையை விட்டு விலகி நின்று பதிய வேண்டும்.

வெள்ளவத்தை_கோடர்

நன்றி. இட எண்ணையும் பொருள் எண்ணையும் ஒன்றாக்கித்தான் வைத்திருந்தோம், பிரிக்கிறோம். அல்ட்ராசோனிக் சோதனை முடிவுகளையும் உள்ளே எடுத்தால் துருப்பிடிப்பும் அதிலேயே தெரிந்துவிடும்தானே? சென்சர் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாதைமேற்பார்வை

துரு அதில் தெரியாது. கடற்கரையில் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். அல்ட்ராசோனிக் என்பது தண்டவாளத்தின் தலைமேல், அதாவது சக்கரம் ஓடும் மேற்பகுதியில், ஓடும் கருவி. 0 பாகை, 37 அல்லது 45, 70 பாகை என்று ஒலி இறங்கும். தலை, நடுத்தண்டு, நடுத்தண்டுக்கு நேர் கீழேயுள்ள அடிப்பாகம், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். அடிப்பாகத்தின் இரு ஓரங்களும் அதன் பார்வைக்கு வெளியே. உப்பு ஈரம் தங்குவதோ அங்கேதான்: தண்டவாளத்தைப் பிடிக்கும் கிளிப்புக்கும் லைனருக்கும் அடியில், சிலிப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) றப்பரின் விளிம்பில். கருவி ‘பழுதில்லை’ என்று சொன்ன தண்டவாளத்தின் அடி ஓரம் அரிக்கப்பட்டு மெலிந்திருக்கலாம்.

ஆகவே துருவுக்குத் தனிப் படிவம் வேண்டும். குறித்த இடைவெளியில் ஒரு கிளிப்பைக் கழற்றி, கம்பிப் பிரஷ்ஷால் துப்பரவாக்கி, கலிப்பரால் ஓரத் தடிப்பை அளந்து, அதே சிலிப்பரின் எண்ணோடு பதியுங்கள். அடுத்த முறையும் அதே சிலிப்பர். கடல் பக்க ஓரத்துக்கும் தரைப் பக்க ஓரத்துக்கும் வேறு வேறு புலம். புகையிரதக் கடவைகளைத் தனி வகையாக வையுங்கள். வீதிக்கு அடியில் மூடிக்கிடப்பதால் அங்கே கண்ணாலும் பார்க்க முடியாது, வீதியைத் திறக்கும் நாளில்தான் அளக்கலாம். அந்த நாளை மென்பொருள் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

சிக்னல்வயர்

சென்சர் கேள்விக்கு வருகிறேன். கையில் பத்துத்தான் என்றால் பொயின்ட் மோட்டார்களுக்கே போடுங்கள். கேபிளை வெட்டாமல் சுற்றிப் பூட்டும் ஹோல் வகை மின்னோட்டச் சென்சர் போதும். ஆனால் சிக்னல் பொறியியலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அந்த மோட்டார்ப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், உங்கள் கருவி இன்டர்லொக்கிங் சுற்றோடு (சிக்னலும் பொயின்டும் ஒன்றுக்கொன்று முரணாகாமல் தடுக்கும் சுற்று) எந்த வகையிலும் மின்னால் இணையக் கூடாது.

செக்கனுக்கு 100 மாதிரி, ஒரு திருப்பம் 5 செக்கன், மாதிரிக்கு 2 பைட்: ஒரு வளைகோடு ஆயிரம் பைட்தான். நாளுக்கு 200 திருப்பம் என்றாலும் 200 கிலோபைட். முழு வளைகோட்டையும் வைத்திருங்கள், உச்ச அளவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை எறியாதீர்கள். தொடக்கத்தில் பாயும் மின்னோட்டம், பூட்டு விடுபடுவது, நாக்கு (பொயின்டில் அசையும் தண்டவாளத் துண்டு) நகர்வது, திரும்பப் பூட்டுவது எல்லாம் அதில் தனித்தனியாகத் தெரியும். நகரும் பகுதி வாரா வாரம் மெல்ல உயர்ந்தால் சறுக்குத் தட்டு காய்ந்திருக்கிறது. கடைசியில் மட்டும் திடீரென ஏறினால் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் கல் சிக்கியிருக்கலாம். அங்கே கடல் மணலும் எண்ணெயும் சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும், கிரஃபைட் போன்ற உலர்ந்த மசகுதான் பொருந்தும். போகும் திசைக்கும் திரும்பும் திசைக்கும் வேறு வேறு அடிப்படைக் கோடு வையுங்கள். பராமரிப்பு முடிந்தவுடன் அதைப் புதிதாக எடுக்காவிட்டால் பொய் அலாரம் கொட்டும். பிறகு உண்மையான அலாரத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மிஞ்சினால் ட்ராக் சர்கியூட்டுக்குப் போடுங்கள். தண்டவாளத்தில் மின்னோட்டம் விட்டு, மறுமுனை ரிலேயால் பாதையில் வண்டி நிற்கிறதா என்று அறியும் சுற்று அது. ஊட்டும் முனையில் மின்னோட்டம், ரிலே முனையில் மின்னழுத்தம், இரண்டும் சேர்ந்துதான் பயன். ஊட்டும் மின்னோட்டம் ஏற, ரிலே மின்னழுத்தம் இறங்கினால் பாதைக்கு அடியிலுள்ள ஈரச் சல்லிக் கற்களில் கசிவு. மழை விட்டுக் காய்ந்ததும் சரியாகும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் இணைப்புக் கம்பி அறுந்திருக்கலாம்.

ரயில் பெட்டி அந்தப் பாதையில் நிற்கும்போது ரிலேயில் மிஞ்சும் மின்னழுத்தத்தையும் பதியுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கடலோரத்தில் அடிக்கடி ஓடாத பக்கப் பாதையில் துருப் படலம் படிந்தால் சக்கரம் சரியாகத் தொடுகை கொள்ளாது, வண்டி நிற்கும்போதே பாதை காலி என்று காட்டும். இந்தச் சுற்றின் மற்றப் பழுதுகள் பெரும்பாலும் ரயிலைத் தாமதப்படுத்தும், இது மோத வைக்கலாம். அந்த மிச்ச மின்னழுத்தம் மேலே ஏறத் தொடங்கினால் அலாரம் நேரே சிக்னல் ஆட்களுக்குப் போக வேண்டும். டாஷ்போட்டில் மஞ்சள் புள்ளியாக இருந்தால் பயனில்லை.

டீசல்ஷெட்

போன் அதிர்வைப் பற்றி: 100 ஹேர்ட்ஸில், மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடும்போது 17 சென்ரிமீற்றருக்கு ஒரு மாதிரி கிடைக்கும். செக்கனுக்கு ஒரு முறை வரும் ஜிபிஎஸ்ஸோ 17 மீற்றருக்கு ஒரு புள்ளி. அதே பெட்டி, போகிக்கு (பெட்டியின் அடியிலுள்ள சக்கரத் தொகுதிக்கு) நேர் மேலே அதே இடம், அதே வேக வரம்பு என்று வைத்தால் ‘போன மாதத்தைவிட இங்கே மோசம்’ என்று சொல்லும். பாதை அகலம், இரு தண்டவாளங்களின் உயர வித்தியாசம், முறுக்கம் எதையும் அது அளக்காது. ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டிய இடத்தைச் சுட்டுவதற்கு நல்லது, வேகக் கட்டுப்பாட்டை நீக்க அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம்.

வண்டிகளையும் பதிவேட்டுக்குள் எடுப்பதானால், என் பார்வையில் எந்தச் சென்சரைவிடவும் எஞ்சின் ஒயில் சோதனை மலிவு. எம்2 வகை டீசல் வண்டிகளிலுள்ளவை போன்ற ஈஎம்டி 567 எஞ்சின்களில் பிஸ்டன் பின் தாங்கிகளில் வெள்ளிப் பூச்சு உண்டு. ஒயிலில் வெள்ளி தெரியத் தொடங்கினால் அதுதான் முதல் எச்சரிக்கை. நாகம் (துத்தநாகம்) கலந்த ஒயிலை ஊற்றினால் அந்த வெள்ளியே அரிக்கப்படும், அதனால் ஸ்டோர்ஸ் பதிவிலும் ஒயிலின் வகையை வண்டி வகையோடு கட்டிவிடுங்கள்; பொருந்தாததை வழங்க முயன்றால் மென்பொருள் மறுக்கட்டும். சோடியம் ஏறினால் குளிரூட்டும் நீர் கசிகிறதா என்று பாருங்கள். மாதிரியைச் சூட்டோடு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

படிவத்தில் இரண்டு புலம் தவறாமல் இருக்கட்டும்: எஞ்சின் ஓடிய மணி, கடைசி மாதிரிக்குப் பிறகு ஊற்றிய ஒயில் லீற்றர். புது ஒயில் ஊற்றினால் உலோக அளவு நீர்த்துத் தாழும். லீற்றர் கணக்கு இல்லாவிட்டால், தேய்ந்துகொண்டிருக்கும் எஞ்சின் வரைபடத்தில் தேறிவருவதுபோலத் தெரியும்.